வெறுங்கையோடு போகாதவர்கள்

எங்கள் கம்பெனி செய்த இயந்திரத்துக்கு ஓர் அழகான பெயர் உண்டு. அட்டைப்பெட்டியில் பொன்னிற எழுத்தில் அச்சடித்தும் இருந்தார்கள். ஆனால் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. முதலாளி உட்பட எல்லோருக்கும் அது டப்பாதான். உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கணினி. மூன்று விரல் அகலத்தில் ஒரு திரை, அதன் கீழே சில பொத்தான்கள், தலைப்பக்கம் பில் துண்டு வெளியே வர ஒரு பிளவு. மார்க்கெட்டில் கூடை வைத்து விற்கிறவர்கள், தெருவோரம் வண்டி போடுகிறவர்கள், இவர்களுக்காகச் செய்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையின் மேல்மாடியில், கீழே இரும்பு கத்துகிற கத்தலுக்கு நடுவே, நாங்கள் ஐந்தாறு பேர் இதைச் செய்துகொண்டிருந்தோம்.

திரையில் என்ன தெரிய வேண்டும், எங்கே தெரிய வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. டிசைனர் என்று சொன்னால் என் சொந்தக்காரப் பெண்கள் ஜாக்கெட் துணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதனால் 'கம்ப்யூட்டர் வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

பில் போடுவது மட்டும் போதாது, டப்பாவுக்குள் ஒரு ஆப் கடையும் இருக்க வேண்டும் என்று முதலாளிக்கு ஒருநாள் தோன்றிவிட்டது.

"பெரிய போன்ல இருக்கிறதெல்லாம் இதுலயும் வரணும்மா."

"பெரிய போன் இதைவிடப் பெருசு சார்."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வராத வேலைதான் அது. போனில் என்றால் படம் படமாக அடுக்கி வைக்கலாம். விரலால் தள்ளிக்கொண்டே போவார்கள். இங்கே ஒரு தடவைக்கு மூன்று வரிதான் தெரியும். நான் காகிதத்தைத் திரை அளவுக்கு வெட்டி, பென்சிலால் எழுதி, டப்பாவின் மேல் ஒட்டி ஒட்டிப் பார்த்தேன். மேஜை முழுக்கக் காகிதக் குப்பை. முதல் வாரம் முழுவதும் பார்த்தவர்கள்மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். டீ கொண்டுவருகிறவர்கூட டம்ளரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

கடைசியில், கடை என்றால் கடை மாதிரியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று முடிவு செய்தேன். நமக்குத் தெரிந்த கடையில் யார் உலாவிப் பார்க்கிறார்கள்? போய் நின்றதும் கடைக்காரர் கேட்பார், நாம் சொல்வோம். ஆகவே பொத்தானை அமுக்கியதும் ஷட்டர் ஒவ்வொரு கோடாக மேலே ஏறும். பிறகு 'வாங்க, என்ன வேணும்?' என்று வரும். அதற்குக் கீழே மூன்று சரக்கு. எதை அதிகம் பேர் எடுத்திருக்கிறார்களோ அது மேலே.

வெளியேறும் பொத்தானுக்கு முதலில் 'வெளியே' என்று எழுதியிருந்தேன். மறுநாள் படித்தபோது கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டு 'வரேன்' என்று போட்டேன். முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"வெளிய போற பட்டன்ல வரேன்னு போட்டிருக்கியேம்மா?"

"நீங்க வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என்ன சொல்லிட்டுக் கிளம்புறீங்க சார்?"

கொஞ்சம் யோசித்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு திரும்பிப் போனார். அந்த ஒரு வாதத்தில் நான் ஜெயித்தேன். அடுத்ததில் தோற்றேன். காலையில் டப்பாவை ஆன் செய்ததும் முதலில் கடைதான் திறக்க வேண்டும், அப்போதுதான் மக்களுக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியும் என்றார் அவர். வியாபாரத்துக்கு உட்காருகிறவர்களை ஏன் சார் தொந்தரவு செய்ய வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். முதலாளி சொன்னால் சொன்னதுதான்.

கடை தயார். சரக்குதான் இல்லை. கால்குலேட்டர், ரயில் நேரம், அலாரம் என்று எங்கள் ஆட்களே செய்த நாலைந்து அயிட்டங்கள் காலியான அலமாரியில் முழித்துக்கொண்டிருந்தன. ஆப் எழுதத் தெரிந்த யாராவது உண்டா என்று கேட்காத இடமில்லை. அப்படிக் கேட்டபோதுதான் என் நாத்தனார் வாயைத் திறந்தாள்.

என் கணவரின் தங்கை. பட்டாபிராம் ஸ்டேஷனுக்குப் பின்னால் புதிதாக வந்த வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். அவள் கணவர் அம்பத்தூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒரு பெண் குழந்தை, ஒன்றாம் வகுப்பு. நாத்தனார் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்து, கொஞ்ச நாள் வேலைக்கும் போனவள். குழந்தை பிறந்ததோடு அது நின்றது. அப்புறம் சமையல், குழந்தை, ஜாக்கெட் தையல். அவர்கள் அப்பா பருத்திப்பட்டுப் பக்கம் அடுத்தவர் வயலில் இறங்கி வேலை செய்தவர். படிப்பை விட்டுவிடாதே என்று இவளிடம் சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார். அவள் விடவில்லைதான். சமையல் மேடையின் ஓரத்தில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, சோறு வேகிற நேரத்தில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பாள்.

அவள் செய்து தந்ததன் பெயர் 'கோலம்'. திரையில் புள்ளிகள் தெரியும். பொத்தானை அமுக்க அமுக்கக் கோடு புள்ளிகளைச் சுற்றி வளைந்து போகும். சரியாகப் போட்டால் கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். தினம் ஒரு புதுக் கோலம், தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம், இலவசம்.

பில் போடுகிற டப்பாவில் கோலம் போட எவன் உட்காருவான் என்று என் மனதில் ஓடியது. அதிசயமாக வாயைத் திறக்காமல் இருந்தேன். அலமாரி காலியாக இருக்கும்போது வந்த சரக்கை வேண்டாம் என்பானேன்?

ஆவடி மார்க்கெட்டில் கொஞ்சம் பேருக்கு டப்பாக்களைக் கொடுத்துப் பார்த்தோம். யார் எதை எடுத்தார்கள் என்ற எண்ணிக்கை தினமும் ஆபீசுக்கு வந்துவிடும். ஒரு வாரம்கூட ஆகவில்லை, கோலம் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. இறங்கவே இல்லை. டப்பா வைத்திருக்கிற கிட்டத்தட்ட எல்லோரும் அன்றன்றைய கோலத்தை அன்றன்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. மைசூர்பாகு வாங்கிவந்து, கீழே லேத் பட்டறைக்காரர்களுக்கும் கொடுத்தார். நான் போனில் நாத்தனாரிடம் சொன்னேன். "நெஜமாவா அண்ணி?" என்றாள். ஆமாண்டி என்றேன். மறுபடியும் "நெஜமாவா?" என்றாள்.

அடுத்த தடவை நான் பட்டாபிராம் போனது ஒரு சனிக்கிழமை காலையில். கதவைத் திறந்தவர் அவள் கணவர். சட்டையெல்லாம் தோசை மாவு. தான் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்து வைத்து நான் பார்த்திராத மனுஷன், கையில் கரண்டியோடு நிற்கிறார். "மெதுவாப் பேசுக்கா," என்று கிசுகிசுத்தார். "அவ வேலை செஞ்சிகினு கீறா."

கூடத்தில் இருந்த மேஜை எப்போதும் வெட்டிய துணியும் நூலுமாகக் கிடக்கும். அன்று துடைத்துச் சுத்தமாக இருந்தது. லேப்டாப், பக்கத்தில் புள்ளி வைத்த காகிதங்கள், ஒரு டம்ளர் காபி. தையல் மெஷினை மூலைக்குத் தள்ளி மேலே ஒரு பழைய புடவையைப் போர்த்தியிருந்தார்கள்.

"காலைல ஆறு மணியிலருந்து ஒம்போது வரைக்கும் அவள ஒருத்தரும் கூப்புடக் கூடாதுன்னு சொல்ட்டேன்," என்றார். "டிபனு, பாப்பாவ ரெடி பண்றது, ஸ்கூலு, அல்லாம் நான்தான். ஷிப்ட்டக்கூட மாத்திகினேன். மார்க்கெட்டே இவ கோலத்தப் பாத்துகினு கீதுக்கா, சும்மாவா?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் வயிறும் எரிந்தது. என் வீட்டில் எனக்கு அப்படி ஒரு மேஜை இன்றுவரை கிடையாது.

அவர் குழந்தையைக் குளிப்பாட்டப் போனதும் அவள் திரும்பி உட்கார்ந்தாள். முகமே வேறாக இருந்தது. "அண்ணி, கல்யாணம் ஆனதுலருந்து காலைல உக்காந்து ஒரு விஷயத்த முழுசா யோசிச்சதே இல்ல நான்," என்றாள். "இப்பதான் யோசிக்கிறேன். அடுத்தது என்ன செய்யலாம்னுகூடத் தோணுது." அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. தோசை கருகுது பார் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்கப்புறம் வந்தது புகார். டப்பாக்கள் திணறுகின்றன. பில் பாதியில் நிற்கிறது, வாங்க வந்தவர்கள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வா என்று முதலாளி என்னை அனுப்பினார். காலையிலேயே ஆவடி மார்க்கெட்டுக்குப் போனேன். முதலில் நின்றது ஒரு பூக்கார அம்மாவிடம். மல்லியும் கனகாம்பரமும் ஈரத்துணிமேல் குவிந்திருந்தன. டப்பாவை அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மணைமேல் வைத்து, அதற்கும் ஒரு கிள்ளுப் பூ வைத்திருந்தார்.

வாங்கி உள்ளே பார்த்தேன். இடமே இல்லை. அத்தனையும் கோலம். ஆரம்பித்த நாளிலிருந்து ஒன்று விடாமல். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன நட்சத்திரம் மின்னியது. இன்னும் திறக்கவில்லை என்பதற்கு நான் வைத்த அடையாளம் அது.

"இவ்ளோ கோலம் எதுக்குக்கா வச்சிருக்கீங்க?"

"நானா வச்சேன்? உங்க கடதான் காலைல தொறந்துகினு, வாங்க, இன்னா வேணும்னு கேக்குது."

"வேணாம்னா வரேன்னு அமுக்கிட்டு வந்துரலாமே?"

அந்த அம்மா பூக் கட்டுகிற கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா பேசற நீ? காலங்காத்தால ஒரு கட வாங்கன்னு கூப்புடுது. நான்தான் மொத ஆளோ இன்னாவோ. ஒண்ணியும் எடுக்காம வெறுங்கையோட வந்தா அந்தக் கடக்காரன் போணி இன்னாவறது? நானும் யாவாரம் பண்றவதான?"

"அது மிஷின்க்கா."

"மிஷினா இருந்தா இன்னா? கடன்னுதான போட்டுகீற?"

"சரி, ஏன் கோலமாவே எடுத்தீங்க?"

"மேல கீது. மங்களகரமா கீது. காசும் கேக்கல. எடுத்துகினேன்."

"தொறந்து பாத்தீங்களா?"

"தொறக்கறதுக்கு நேரம் எங்க கீது? முழம் எத்தினின்னு அங்க ஒருத்தரு கேக்கறாரு, நகரு."

வாழைப்பழக்காரரிடம் போனேன். அவரும் அதையேதான் சொன்னார். கீரைக்கார அம்மாவும் அதையேதான். போணி சமயத்தில் நம்மை அழைத்த கடையிலிருந்து ஒன்றும் வாங்காமல் இறங்கினால் அந்தக் கடைக்கு நாள் முழுக்க வியாபாரம் ஆகாது. அந்தப் பாவம் நமக்கு எதற்கு? கீரைக்கார அம்மா ஒருபடி மேலே போய், "உங்க மொதலாளிக்கு யாவாரம் நல்லாகீதா?" என்று அக்கறையாக விசாரித்தார். மார்க்கெட் நடுவில் நின்றுகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். உலகத்தில் எந்த ஊரிலாவது ஆப் கடைக்குப் போணி செய்துவைப்பவர்கள் உண்டா? கடை மாதிரி இருக்கட்டும் என்று நான் நினைத்தேன், அவர்கள் கடையாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். என்ன நல்ல மனுஷர்கள்!

சிரித்துக்கொண்டிருக்கும்போதே பட்டாபிராமில் துடைத்து வைத்த மேஜை ஞாபகத்துக்கு வந்தது.

ஆபீசில் முதலாளியிடம் சொன்னேன். முதலில் சிரித்தார், அப்புறம் சுவரைப் பார்த்தார். என்ன செய்யலாம் என்றார். கடை தானாகத் திறக்கக் கூடாது என்றேன். யாராவது திறந்தால், 'போணி ஆயிடுச்சு, சும்மா பாத்துட்டுப் போங்க' என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். திறக்காத கோலங்களைத் துடைத்து இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

"எண்ணிக்கை விழுந்துருமேம்மா?"

"விழும் சார். அடியோட விழும்."

பில் நிற்கிற டப்பாவை எத்தனை நாள் விற்க முடியும்? திங்கட்கிழமை அனுப்பிவிடு என்றார். மாற்றுவதற்கு ஒரு மத்தியானம்கூடப் பிடிக்கவில்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லா டப்பாவுக்கும் போய்விடும்.

என் கணவரிடம் சொன்னேன். "அவகிட்ட எதுக்குச் சொல்ற?" என்றார். "தானாக் கொறையட்டும். ஜனங்களுக்குச் சலிச்சுப்போச்சுன்னு நெனச்சுக்குவா." எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த வெண்டைக்காயைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்தேன். சலித்துப்போச்சு என்றா நினைப்பாள்? தன் கோலம்தான் கெட்டுப்போச்சு என்று நினைப்பாள். இன்னும் நல்லதாக ஒன்று போட வேண்டும் என்று உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வாள். அது எதுவும் அவள் தப்பே இல்லையே! சொல்லாமல் இருப்பது அதைவிடக் கொடுமை.

ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். மார்க்கெட்டே பார்க்கிறது என்பதால்தான் அந்த வீட்டில் காலை அவளுக்குக் கிடைத்தது. யாருமே பார்க்கவில்லை என்று தெரிந்தால் அந்தக் காலை யாருக்கு? தோசைக் கரண்டி அவள் கைக்குத் திரும்பும், மேஜைமேல் ஜாக்கெட் துணி ஏறும். யாரும் அதட்டக்கூட மாட்டார்கள், தானாக நடந்துவிடும். அதை நினைத்து ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. குளிக்கும்போது கொஞ்சம் அழுதேன்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் பட்டாபிராம் போனேன். உள்ளறையில் அவள் கணவர் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். குழந்தை வலிக்குது வலிக்குது என்று கத்திக்கொண்டிருந்தது. இவள் மேஜையில். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னேன். எனக்கு வளைத்துப் பேச வராது.

போணி என்றதும் அவள் சிரித்துவிட்டாள். "அய்யோ, பூ வச்சிருந்தாங்களா டப்பாவுக்கு?" என்று கேட்டாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"ஒருத்தர்கூடவா தொறந்து பாக்கல அண்ணி?"

ஒருத்தர் பார்த்தார் என்று சொல்லியிருக்கலாம். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "நான் பாத்த டப்பாவுல ஒருத்தரும் இல்லடி," என்றேன். இன்றைக்குள் புது மாற்றம் போய்விடும், இனிமேல் எண்ணிக்கையே வராது என்பதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. முன்னால் இருந்த காகிதத்தை என் பக்கம் நகர்த்தினாள். "இதான் நல்லா வந்திருக்கு," என்றாள். பார்த்தேன். நிஜமாகவே நன்றாக இருந்தது. கோடு ஒரு மூலையில் உள்ளே திரும்பும் என்று நான் நினைத்த இடத்தில் வெளியே போய், இரண்டு புள்ளிகளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு திரும்பியது. நான் திரைக்காகக் கோடு போட்டுப் பிழைக்கிறவள். என்னால் அப்படி யோசித்திருக்க முடியாது. அதை அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

அப்போது அவள் கணவர் கையில் சீப்போடு எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இன்னாக்கா, இன்னிக்கு எத்தினி பேரு?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஊரில் எல்லோருக்கும் பதில் சொல்கிற வாய் அது.

"யாரும் இல்ல," என்றாள் நாத்தனார். "காலைல போணிக்குன்னு ஆளுக்கு ஒண்ணு எடுத்துகினாங்களாம். ஒருத்தரும் தொறந்தே பாக்கல. இன்னிலருந்து அதுவும் இருக்காது."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவளைப் பார்த்தார். சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"அப்போ?" என்றார்.

கெட்ட மனுஷர் இல்லை அவர். அந்த ஒரு வார்த்தையில் கோபமும் இல்லை. ஆனால் சொல்லும்போதே அவர் பார்வை, மூலையில் புடவை போர்த்திய தையல் மெஷின் பக்கம் போய்விட்டு வந்தது. நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"அப்போ ஒண்ணும் இல்ல," என்றாள். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "யாரும் பாக்கலன்னாலும் நான் போடுவேன். இதில்லன்னா வேற ஒண்ணு செய்வேன். ஒம்போது மணி வரைக்கும் நான் இங்கதான் உக்காருவேன். பாப்பாவ நீயே இட்டுகினு போ."

சமையலறையில் குக்கர் ஒரு விசில் விட்டது. எப்போதும் அதற்கு எழுந்து ஓடுகிறவள் அசையவில்லை. நான் எந்தச் சாமியைக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. வாயை மட்டும் இறுக மூடிக்கொண்டிருந்தேன். அவர் கையிலிருந்த சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தார். உள்ளறைக்குப் போனார். கட்டிலுக்கடியில் எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"பாப்பா ஷூ ஒண்ணுதான் கீது," என்று அங்கிருந்தே கேட்டார். "இன்னொண்ண எங்க வச்ச?"

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தேடு," என்றாள், திரும்பாமல்.